குதிரை யாருடையது? சந்தாஜி கோர்படேயும் செஞ்சிப் போரும்

மகாராஷ்டிரப் பாடத்திட்டத்தில் படித்தவர்களிடம் சந்தாஜி என்று தொடங்கினால் தனாஜி என்று முடிப்பார்கள். மாதுங்காவில் வளர்ந்தவரானாலும் சரி, தாராவியில் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் படித்தவரானாலும் சரி, இரண்டு பெயரும் ஒரே மூச்சில்தான் வரும். மொகலாயக் குதிரைகள் தண்ணீர் குடிக்கக் குனிந்தால் நீருக்குள் இவ்விருவரின் முகம் தெரிந்து மிரளும் என்ற கதையும் கூடவே வரும். அந்தக் கதை சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. 1696-இல் இந்த மராட்டியத் தளபதி இரட்டையர் தமிழ்நாட்டில் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டார்கள். சந்தாஜி கோர்படே வென்றார்; வென்ற மறு ஆண்டே தலை வெட்டப்பட்டு இறந்தார். வெட்டியவர் டில்லியிலிருந்து வந்த தளபதி அல்லர், மான் நாட்டு மராட்டியத் தேஷ்முகரான நாகோஜி மானே. மொகலாயப் பேரரசின் பெரும்படைகளை ஏழெட்டு ஆண்டுகள் அலைக்கழித்த சேனாபதி தன் இனத்தாராலேயே கொல்லப்பட்டது ஏன்? மராட்டிய மரபு இதற்கு மூன்று விடைகளை வைத்திருக்கிறது: தனாஜியின் பொறாமை, அரசர் ராஜாராம் கோள்சொல்லுக்குச் செவிசாய்த்தது, சந்தாஜியின் கடுங்கோபம். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் மனிதர்களின் குணத்தைப் பற்றியவை. குணத்துக்கு அடியில், அந்தப் படையில் ஒவ்வொரு வீரனும் ஏறியிருந்த குதிரை யாருடைய சொத்து என்ற கேள்வி கிடக்கிறது. சந்தாஜியின் வெற்றியையும் வீழ்ச்சியையும் சேர்த்து விளக்க வல்லது அந்தக் கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1689-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். பிப்ரவரியில் சங்கமேஸ்வரத்தில் சிவாஜியின் மகனும் மராட்டிய அரசருமான சம்பாஜி மொகலாயரிடம் பிடிபட்டார். அந்த மோதலில் அவரைக் காக்க நின்று மடிந்தவர் சந்தாஜியின் தந்தை மாலோஜி கோர்படே. மார்ச்சில் சம்பாஜி கொல்லப்பட்டார். நவம்பரில் தலைநகர் ராய்கட் விழுந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் சிறுவன் சாகுவும் மொகலாயப் பாளையத்துக்குக் கைதிகளாகப் போனார்கள். அதே ஆண்டில் மும்பைத் தீவும் தப்பவில்லை. ஔரங்கசீப்போடு மோதிய ஆங்கிலக் கம்பெனியைத் தண்டிக்க ஜஞ்சிராவின் சித்தி யாகூத் கான் படகுகளில் வந்து இறங்கி, மஜ்காவையும் மாஹிமையும் பிடித்துக்கொண்டு, கோட்டைக்குள் ஆங்கிலேயரை ஓராண்டுக்கு மேல் அடைத்து வைத்தார். இன்றைய தாராவியின் விளிம்பில் ஓடும் மாஹிம் கழிமுகம் அன்று மொகலாயப் பேரரசின் கடற்படைத் தலைவன் கையில் இருந்தது என்பது நம் நகரத்தின் மறந்துபோன பக்கம். அப்படி மேற்கில் நிற்க இடமில்லாமல் போன நிலையில்தான் சம்பாஜியின் தம்பி ராஜாராம், சிலரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு மாறுவேடத்தில் தெற்கே தப்பி, வேலூர் வழியாகச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1677-இல் சிவாஜி கைப்பற்றிப் பலப்படுத்திய செஞ்சி என்பது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் கோத்த கோட்டை. அடுத்த எட்டாண்டுகளுக்கு மராட்டிய அரசின் தலைநகரம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயருக்கு விற்றது இந்தச் செஞ்சி அரசுதான். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் எல்லைவரை நிலம் வாங்கியவருக்கு என்பது அந்த விற்பனையின் நிபந்தனை. ‘குண்டு கிராமங்கள்’ என்று அந்த ஊர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. பணத்துக்கு எவ்வளவு முடையிருந்தால் ஓர் அரசு கடற்கரைக் கோட்டையை இப்படி விற்கும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

சந்தாஜியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எதிரிகள் எழுதி வைத்தது. காஃபி கான், சாகி முஸ்தைத் கான் ஆகிய மொகலாய வரலாற்றாசிரியர்கள், செஞ்சி முற்றுகையில் தளபத் ராவ் புந்தேலாவின் கீழ்ப் பணியாற்றிய பீம்சேன் சக்சேனா, புதுச்சேரியிலிருந்து எல்லாவற்றையும் கவனித்துக் குறித்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் ஆகியோரே முதன்மைச் சாட்சிகள். பகர் எனப்படும் மராட்டிய உரைநடை வரலாறுகளில் பல, பின்னாளில் எழுதப்பட்டவை. ஔரங்கசீப்பின் கூடாரத்துக்குள் புகுந்து அதன் பொற்கலசங்களை அறுத்துக்கொண்டு போன புகழ்பெற்ற கதை அந்தப் பகர் மரபைச் சேர்ந்தது. நடந்திருக்கலாம், ஆனால் அதன்மேல் வாதத்தைக் கட்ட முடியாது. கட்டத் தேவையும் இல்லை. இவரை எதிர்கொண்டவன் கொல்லப்பட்டான், காயப்பட்டான், அல்லது கைதியானான், பேர்பெற்ற அமீர் எவரும் இவரை எதிர்க்கத் துணியவில்லை என்ற பொருளில் காஃபி கான் எழுதுகிறார். வெறுப்போடு எழுதும் கை இப்படி ஒப்புக்கொள்வது பொற்கலசக் கதையைவிட எடை கூடியது. ஜதுநாத் சர்க்கார் இந்தப் பாரசீகச் சான்றுகளைத் திரட்டிச் சந்தாஜியின் வாழ்க்கையை எழுதினார். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சி.எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு 1943-இல் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த மனிதரின் முழு உருவம் கிடைக்கிறது.

1692 டிசம்பர் அவருடைய திறமைக்குச் சரியான உரைகல். அப்போது செஞ்சியை மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் இரண்டாண்டுக்கு மேலாக முற்றுகையிட்டிருந்தார். அவருடைய தந்தை, பேரரசின் வசீர் அசத் கானும், இளவரசர் காம் பக்ஷும் வந்து சேர்ந்திருந்தார்கள். மழைக்காலம், தானியத் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து சந்தாஜியும் தனாஜியும் ஏறத்தாழ 30,000 குதிரைகளோடு வந்து இறங்கினார்கள். இருவரும் ஒரே இடத்தில் விழவில்லை. தனாஜி நேராகச் செஞ்சிப் பாளையத்தைத் தாக்கினார். சந்தாஜி முற்றுகைப் படைக்கு உணவும் பணமும் வரும் வழியான காஞ்சிபுரத்துப் பக்கம் திரும்பினார். காஞ்சியின் பௌஜ்தார் அலி மர்தான் கான், வருவது சிறுபடை என்றெண்ணி வெளியே வந்து காவேரிப்பாக்கத்தில் மோதினார், பிடிபட்டார். ஒரு லட்சம் வராகன் கொடுத்த பிறகே விடுதலை. காஞ்சியிலிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு சென்னைக் கோட்டையை நோக்கி ஓடினார்கள். தானியம் தேடி வந்தவாசிப் பக்கம் போன சுல்பிகார் கான் திரும்பும் வழியில் தேசூர் அருகே சந்தாஜி மறித்தார். தளபத் ராவின் புந்தேலர்கள் உயிரைக் கொடுத்து நின்றதால்தான் அந்தப் படை மிஞ்சியது. இதற்கிடையே இளவரசர் காம் பக்ஷ் ராஜாராமோடு இரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி வசீரும் மகனும் அவரையே கைதுசெய்தார்கள். 1693 ஜனவரியில் பெரும் பீரங்கிகளை அழித்துவிட்டு முற்றுகைப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை மதிலில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல், சோற்றை மறித்தே முற்றுகை முறிக்கப்பட்டது.

மூன்றாண்டு கழித்து, 1695 நவம்பரில், சித்ரதுர்க்கச் சீமையின் தொட்டேரியில் அவர் செய்தது இதைவிட நுட்பமானது. காசிம் கான், கானசாத் கான் முதலான முதல்தர அமீர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மொகலாயப் பிரபுக்களின் வழக்கப்படி கூடாரங்களும் சமையல் சாமான்களும் சில கல் தூரம் முன்னே போயின. சந்தாஜி படையை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவு முன்னே போன கூடாரங்கள்மேல் விழுந்தது. அதைக் காக்க ஓடிவரும் படையை இரண்டாவது பிரிவு எதிர்கொண்டது. மூன்றாவது பிரிவு, எல்லோரும் இரண்டு இடத்தில் சிக்கியிருக்கும்போது, பின்னால் மிச்சமிருந்த பாளையத்தைச் சூறையாடியது. சித்ரதுர்க்க நாயக்கரின் துப்பாக்கிக் காலாட்கள் துணைக்கு நின்றார்கள். கையில் ஒன்றுமில்லாமல் மொகலாயர் தொட்டேரிச் சிறுகோட்டைக்குள் புகுந்தார்கள். சில நாளில் தானியம் தீர்ந்தது. சுமை மாடுகளும் ஒட்டகங்களும் கூரை ஓலையைத் தின்றன. அதுவும் தீர்ந்தபின் ஒன்றின் வாலை ஒன்று வைக்கோல் என்று கடித்தன என்று எழுதுகிறார்கள். அபினுக்குப் பழகிய காசிம் கான் அது கிடைக்காமல் செத்தார் என்றும், அவமானம் தாளாமல் நஞ்சுண்டார் என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. மிஞ்சியவர்கள் குதிரை, யானை, நகை எல்லாவற்றையும் விட்டு, 20 லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, பிணையாக ஆட்களையும் வைத்துவிட்டு வெளியேறினார்கள். இரண்டு மாதத்துக்குள், 1696 ஜனவரியில், பசவபட்டணத்தில் ஹிம்மத் கான் குண்டடி பட்டு மடிந்தார்.

இந்தச் சண்டைகளில் வீரத்தைவிட நேரம்தான் கண்ணில் படுகிறது. மூன்று பிரிவுகளும் சொன்ன வேளையில் சொன்ன இடத்தில் இருந்தாக வேண்டும். அதைவிடக் கடினம், கொள்ளைப் பொருள் கண்முன்னே கிடக்க, சண்டை முடியும்வரை அதைத் தொடாமல் நிற்க வேண்டும். அன்றைய இந்தியக் குதிரைப்படைகள் பல தோற்றது எதிரியின் பாளையத்தைக் கொள்ளையிடக் கலைந்தபோதுதான். சந்தாஜியின் படை கலையவில்லை. அதற்குக் காரணமும் காஃபி கான் சொல்கிறார்: சிறு தவறுக்கும் யானைக் காலில் இடறும் தண்டனை. அதாவது அவர் கேட்டது சிவாஜி காலத்துக் கட்டுப்பாடு. ஆனால் சிவாஜி காலத்துக் கட்டுப்பாடு அச்சத்தில் மட்டும் நிற்கவில்லை. அதற்கு ஒரு பொருளாதாரம் இருந்தது.

மராட்டியக் குதிரை வீரர்களில் இரண்டு வகை. குதிரையும் ஆயுதமும் அரசு கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்து வைத்துக்கொண்டவன் பார்கீர். சொந்தக் குதிரையோடும் சொந்த ஆயுதத்தோடும் வந்து சேர்ந்து, ஒட்டுமொத்தமாகக் கூலி பெற்றவன் சிலேதார். சிவாஜி இரண்டு வகையையும் வைத்திருந்தாலும் பார்கீர்களையே படையின் முதுகெலும்பாக்கினார். சிலேதார்களையும் அரசுப் படையின் ஒழுங்குக்குள் அடக்கினார். 25 குதிரைகளுக்கு ஒரு ஹவல்தார், 5 ஹவல்தார்களுக்கு ஒரு ஜும்லேதார், 10 ஜும்லாக்களுக்கு ஒரு ஹசாரி. ஒவ்வொரு 25 குதிரைக்கும் ஒரு தண்ணீர்க்காரனும் ஒரு லாடக்காரனும். சம்பளம் பணமாக, நிலமாக அல்ல. கொள்ளை முழுவதும் கருவூலத்துக்கு. 1670களில் சிப்ளூண் அருகே தங்கியிருந்த குதிரைப்படை அதிகாரிகளுக்குச் சிவாஜி எழுதிய கடிதம் ஒன்று இந்த அமைப்பின் உள்ளறையைத் திறந்து காட்டுகிறது. தீவனத்தை இப்போதே அள்ளிப் போட்டுத் தீர்த்தால் மழைக்காலத்தில் குதிரைகள் சாகும், அந்தப் பழி உங்கள்மேல் என்கிறார். குடியானவனிடம் தானியமோ கீரையோ பிடுங்காதீர்கள், வேண்டியதைக் கடையில் காசு கொடுத்து வாங்குங்கள் என்கிறார். விளக்கை எரியவிட்டுத் தூங்கினால் எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வைக்கோற்போரில் தீப்பிடிக்கும், பிறகு ஒரு குதிரையும் மிஞ்சாது என்றுகூட எச்சரிக்கிறார். எலி இழுக்கும் திரிவரை யோசித்தவர், அந்தக் குதிரைகளைத் தன் சொத்தாக எண்ணியவர். அதனால்தான் அவரால் அப்படிக் கடிந்துகொள்ளவும் முடிந்தது.

இந்தப் படையமைப்பை நமக்கு விவரித்துச் சொல்லும் முதன்மை நூல் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எழுதிய பகர். அது ராஜாராமின் கட்டளைப்படி 1690களில் செஞ்சியில் எழுதப்பட்டது. அதாவது, 25 குதிரைக்கு ஒரு லாடக்காரன் என்ற கணக்கு ஏட்டில் ஏறிய ஊரில், கண்ணுக்கெதிரே அந்தக் கணக்கு கலைந்துகொண்டிருந்தது. ராய்கட்டோடு கருவூலமும் போய்விட்டது. குதிரை வாங்கிக் கொடுக்கவோ சம்பளம் போடவோ அரசிடம் ஒன்றுமில்லை. மொகலாயரோ வந்து சேர்ந்தால் மன்சப் (படைப் பதவி) தருகிறோம் என்று ஒவ்வொரு மராட்டியத் தலைவனையும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாராம் தன்னிடம் இல்லாததைக் கொடுத்து அவர்களைப் பிடித்து வைத்தார். 1691 ஜூனில் ஹணமந்தராவ் கோர்படேக்கு எழுதப்பட்ட சாசனத்தில் ராய்கட் சீமையை மீட்டால் இவ்வளவு, பீஜப்பூரைப் பிடித்தால் இவ்வளவு, பாகாநகர், ஔரங்காபாத், கடைசியில் டில்லியைப் பிடித்தால் மிச்சம் என்று தவணை போட்டிருக்கிறது. செஞ்சிக் கோட்டைக்குள் அடைபட்டிருந்தவர் டில்லியைத் தவணையில் எழுதிக் கொடுத்தார் என்று சிரிக்கலாம். ஆனால் அந்தத் தாள்தான் குதிரைகளைக் களத்துக்குக் கொண்டுவந்தது. மகாராஷ்டிரத்தில் அரசு அதிகாரத்தை நடத்திய ராமச்சந்திரபந்த் அமாத்யர் இந்த வதன்களை, அதாவது பரம்பரை நில உரிமைகளை, பங்கிட்டுக் கொடுத்தவர்களில் முதன்மையானவர். அவரே 1715-ஐ ஒட்டி எழுதிய ‘ஆக்ஞாபத்ர’த்தில் வதன்தாரர்கள் என்போர் சிறு சிறு அரசர்கள், பெரிய அரசை மதிக்காதவர்கள் என்று கசந்துபோய்ச் சொல்கிறார். கொடுத்த கைக்குத்தான் அதன் விலை தெரியும்.

இதற்கு ஒரு துணை உதாரணம் உலகின் மறுகோடியில் கிடைக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) தென்மாநிலக் கூட்டமைப்பின் குதிரை வீரர்கள் சொந்தக் குதிரையோடு வந்தவர்கள். அரசு குதிரைக்கு நாளுக்கு 40 சென்ட் வாடகை தந்தது. போரில் செத்தால் மதிப்பிட்ட விலையையும் தந்தது. மற்றபடி குதிரை நோயிலோ களைப்பிலோ விழுந்தால், வீரன் வீட்டுக்குப் போய் வேறு குதிரை தேடிவர வேண்டும், இல்லையேல் காலாட்படைக்குப் போக வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இது பெரிய பலம். பிறந்தது முதல் குதிரையேறியவர்கள், தங்கள் குதிரையைத் தாங்களே பேணினார்கள். ஜெப் ஸ்டூவர்ட் போன்ற தளபதிகள் வடவர் படையைச் சுற்றி வளையம் போட்டார்கள். நாளாக ஆகப் பாதிப்பேர் குதிரை தேடும் விடுப்பில் இருந்தார்கள். வடவரோ 1863-இல் தனிக் குதிரைப்படைத் துறையை ஏற்படுத்தி, வாஷிங்டன் அருகே பெரிய கொட்டடி கட்டி, அரசுக் குதிரைகளை ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். கட்டளை மீறலும் அந்த அமைப்போடு சேர்ந்தே வந்தது. ஓஹையோ ஆற்றைக் கடக்காதே என்று மேலதிகாரி பிராக் சொல்லியும் 1863 ஜூலையில் ஜான் ஹன்ட் மார்கன் கடந்தார். படையில் பெரும்பகுதியை இழந்து கைதியானார். ஒப்புமை இதோடு நிற்கிறது. அந்தத் தளபதிகள் போரிட்டது அடிமை முறையைக் காக்க. ராஜாராமின் படை போரிட்டது படையெடுத்து வந்த பேரரசை எதிர்த்து. நோக்கத்தை ஒப்பிடவில்லை. குதிரை வீரனின் சொத்தாக இருக்கும்போது படைத்தலைவனின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் ஒப்பிடுகிறேன்.

இனி சந்தாஜியின் முறிவுக்கு வருவோம். 1693 தொடக்கத்தில் வந்தவாசியில் மொகலாயப் படை ஒடுங்கிக் கிடந்தது. வென்ற கையோடு அதை முடித்திருக்க வேண்டும். ஆனால் திருச்சிப் பக்கம் படை போயிற்று. அங்கிருந்து திரும்பும்போதே ராஜாராமுக்கும் சந்தாஜிக்கும் மனக்கசப்பு. சந்தாஜி கோபித்துக்கொண்டு மேற்கே போனார். சேனாபதிப் பதவி தனாஜிக்குப் போயிற்று. பிறகு சமாதானம், பதவி திரும்பக் கிடைத்தது. தொட்டேரி, பசவபட்டண வெற்றிகளுக்குப் பின் 1696-இல் செஞ்சிக்கு வந்தபோது மறுபடியும் பிணக்கு. அரசர் தனாஜியின் பக்கம் நின்றார். மொகலாயரை விரட்ட வந்த இரண்டு மராட்டியப் படைகள் தென்னார்க்காட்டுச் சீமையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. தனாஜி தோற்று மகாராஷ்டிரம் போனார். அவர் பக்கம் நின்ற அம்ருத்ராவ் நிம்பாள்கரைச் சந்தாஜி யானைக் காலில் இடறவைத்துக் கொன்றார். அம்ருத்ராவின் சகோதரி நாகோஜி மானேயின் மனைவி. மறு ஆண்டு மகாராஷ்டிரத்தில் மீண்டும் மோதல் வந்தபோது சந்தாஜியின் படை அவரைவிட்டு நழுவித் தனாஜியிடம் போயிற்று. சில ஆட்களோடு மட்டும் சம்பு மகாதேவ மலைப்பகுதியில் அலைந்தவரை, 1697 ஜூனில், ஓடையில் குளித்துக்கொண்டிருந்த வேளையில் நாகோஜியின் ஆட்கள் வெட்டினார்கள். தலை ஔரங்கசீப்புக்குப் போயிற்று. முன்பு மொகலாயப் பணியிலிருந்து விலகிப்போன நாகோஜிக்கு மன்னிப்பும் கிடைத்தது.

இதைப் படிக்கும் எவரும் உடனே கேட்பது: இது முன்கோபிக்குக் கிடைத்த கூலி, இதில் குதிரை எங்கே வந்தது? அம்ருத்ராவைக் கொன்றது கொடுமை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1697-இல் நடந்ததைக் கவனியுங்கள். பழிவாங்கியவன் ஒருவன், நழுவிப் போனவர்களோ ஆயிரக்கணக்கில். அவர்களால் எப்படி ஒரே வீச்சில் போக முடிந்தது? குதிரை அவர்களுடையது, ஊரில் வதன் அவர்களுடையது, சேனாபதி பிடித்து வைக்கக்கூடிய சம்பளப் பட்டியல் ஏதுமில்லை. சிவாஜிக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. 1666-இல் அவருடைய தலைமைத் தளபதி நேதாஜி பால்கர் எதிரிப் பக்கம் போனார். ஆனால் குதிரைப்படை அவர் பின்னால் போகவில்லை. பிரதாபராவ் குஜர் அந்த இடத்துக்கு வந்தார், படை அப்படியே நின்றது. சந்தாஜி சிவாஜியின் தண்டனையை எடுத்துக்கொண்டார். அதைத் தாங்கிய சம்பளமும் கொட்டடியும் அவரிடம் இல்லை. சம்பளக்காரனைத் தண்டித்தால் அவன் முணுமுணுப்பான். குதிரைக்குச் சொந்தக்காரனைத் தண்டித்தால் அவன் கடிவாளத்தைத் திருப்பிக்கொண்டு போவான், போகிற வழியில் கத்தியையும் தீட்டுவான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஔரங்கசீப்பைக் கடைசியில் தோற்கடித்தது சந்தாஜியின் ஒழுங்கல்ல, தனாஜியின் தளர்ச்சிதான் என்று சொல்லலாம். தலை ஒன்றாக இருந்திருந்தால் மொகலாயர் அதை வெட்டியிருப்பார்கள். நூறு தலைவர்கள், நூறு வதன்கள், யாரை வென்றாலும் போர் முடியாத நிலை. அதில்தான் பேரரசு மூச்சுத் திணறியது. இதை மறுக்க மாட்டேன். பேரரசைக் களைக்கவைக்க அந்த முறைக்கு நிகரில்லை. ஆனால் ஓர் இடத்தைக் காக்க வேண்டி வந்தபோது அது கைவிட்டது. சந்தாஜி இறந்து ஒரு வருஷம் ஆகுமுன்பே, 1698 தொடக்கத்தில், செஞ்சி விழுந்தது. ராஜாராம் மட்டும் வேலூருக்குத் தப்பினார். சுல்பிகார் கான் நினைத்திருந்தால் முன்பே பிடித்திருப்பார், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அவர் பாளையத்திலேயே பேச்சு இருந்ததைப் பீம்சேன் பதிவு செய்திருக்கிறார். அது உண்மையானால் கோட்டை அத்தனை ஆண்டு நின்றதற்கும் மராட்டியப் படை முழுப் பெருமை கோர முடியாது. தனாஜியின் கதையும் இங்கே முடியவில்லை. 1707-இல் கேட் என்ற இடத்தில், மொகலாயரிடமிருந்து விடுபட்டு வந்த சாகுவை எதிர்க்க, ராஜாராமின் மனைவி தாராபாய் அனுப்பிய சேனாபதி அவர்தான். களத்தில் தன் குதிரைகளோடு சாகுவின் பக்கம் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பின் சேனாபதியான மகன் சந்திரசேன ஜாதவ் சில ஆண்டுகளில் நிஜாமிடமே போய்விட்டார். தளர்ந்த கயிறு எல்லாப் பக்கமும் தளர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் போரில் கிடைத்தது என்ன என்பதை மராட்டிய வரலாறும் மொகலாய வரலாறும் விரிவாகச் சொல்வதில்லை. அரசு தீவனம் கொடுக்காத குதிரை ஊராரின் கொள்ளையும் புல்லையும் தின்னும். 30,000 குதிரைகள் ஒரு மழைக்காலத்தில் செஞ்சிக்கும் காஞ்சிக்கும் நடுவில் எதைத் தின்றிருக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அலி மர்தான் கான் கொடுத்த லட்சம் வராகனும் முடிவில் அந்தச் சீமைக் குடியானவன் தலையில்தான் விடிந்திருக்கும். காஞ்சி வரதராஜப் பெருமாள் உள்ளிட்ட உற்சவ மூர்த்திகளைப் போர் அச்சத்தால் உடையார்பாளையத்துக் காட்டுக்கு எடுத்துப்போய் ஒளித்து வைத்தார்கள். பெருமாள் திரும்பி வந்தது 1710-இல். அதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் சுவாமி ஊரில் இல்லை என்பது காஞ்சியில் வாழ்ந்தவர்களுக்கு எந்தச் சேனாபதியின் பெயரைவிடவும் பெரிய செய்தியாக இருந்திருக்கும். தமிழ் நாட்டார் பாடல் சந்தாஜியை எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் காரணமாகலாம். அது எடுத்துக்கொண்டது 1714-இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து ஒரே சண்டையில் மடிந்த செஞ்சிப் புந்தேலன் தேசிங்கை. அவனும் வடக்கிலிருந்து வந்த குதிரைக்காரன்தான். ஆனால் செஞ்சிக்காகச் செத்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய இராணுவ நிலவெளிகள்’ என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக்கியபோது, 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. மும்பைத் தமிழருக்கு இது இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடத் தக்க செய்தி. இரண்டு பக்கமும் கொண்டாடினார்கள். பட்டியலில் இடம்பெற்றவை கோட்டைகள், அதாவது கல். சந்தாஜியின் போர்முறை கல்லை நம்பாதது என்பதால் அவருக்கு அதில் நேரடியாக இடமில்லை. அவர் விட்டுச் சென்றதைத் தேட வேண்டிய இடம், அவருக்குப் பின் தமிழ்நாட்டில் ஓடிய குதிரைகள். கோர்படே குடும்பக் கிளையில் வந்த குத்தியின் முராரிராவ் 1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்தபோது அதன் பொறுப்பாளராக அமர்ந்தார். 1743-இல் நிஜாமிடம் அதை விட்டுப் போனார். 1751-இல் ஆர்க்காட்டில் ஆங்கிலத் தளபதி கிளைவ் முற்றுகைக்குள் சிக்கியபோது, ஆங்கிலேயர் ஆதரித்த நவாப் முகமது அலிக்காக உதவிக்கு வந்தது அவருடைய குதிரைப்படை; அடுத்த சில ஆண்டுகளில் அதே படை புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் பணத்துக்குப் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றது. அவரைத் துரோகி என்று ஆங்கிலேயரும் சொன்னார்கள், பிரெஞ்சுக்காரரும் சொன்னார்கள். முராரிராவின் கணக்கில் அது துரோகம் அல்ல: குதிரை அவருடையது, தீவனச் செலவு அவருடையது, யார் மாதப் பணம் கொடுக்கிறார்களோ அந்தப் பக்கம் அது ஓடும். 1776-இல் ஹைதர் அலி குத்திக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்து, அவரைக் கப்பல்துர்க்கச் சிறைக்கு அனுப்பினார், அங்கேயே இறந்தார். ஹைதர் தன் குதிரைகளில் கணிசமானவற்றை அரசுக் கொட்டடியில் வைத்துச் சம்பளம் கொடுத்து நடத்தியவர்.